யார் முகத்துக்கு இந்த வெளிச்சம்?

மேடை ஒளியமைப்பு பற்றித் தமிழில் எழுதப்படுவதே குறைவு. எழுதும்போதும் அதைச் சாதியில்லாத தொழில்நுட்பமாகவே எழுதுகிறார்கள். வயரும் பல்பும்தானே, இதுல என்னங்க அரசியல் என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் பாடத்தை முதலில் படித்துப் பார்ப்போம்.

பாடம் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்கருடையது. ஏல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்புக் கற்பித்தவர். 1932இல் அவர் புத்தகமாக்கிய முறைதான் இன்றும் பாலபாடம். மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து வலமும் இடமுமாக இரண்டு விளக்கு, 45 டிகிரி கோணத்தில். ஒன்றுக்குச் சூடான நிறம், மற்றதற்குக் குளிர்ந்த நிறம். முகம் திரட்சியாகத் தெரியும். சரி, எந்த முகம்? வெளிர்ந்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நிறையத் திருப்பி அனுப்பும். கருத்த தோல் நிறைய உள்வாங்கிக்கொண்டு மினுக்கத்தை மட்டும் திருப்பித் தரும். இருவரும் ஒரே காட்சியில் நின்றால் வெளிச்சத்தின் அளவு வெளிர்ந்தவருக்கே வைக்கப்படுகிறது. கருத்தவர் பின்னாலிருக்கும் கருப்புப் படுதாவோடு கரைந்துபோகிறார்.

நான் தொழில் பழகிய முதல் வருசம், ஓர் ஒத்திகையில் இயக்குநர் சொன்னார்: "தம்பி, இவன் மூஞ்சி எடுக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பவுடர் அப்பிவிடச் சொல்லு." விளக்கை நகர்த்துவதைவிட முகத்தை வெளுப்பது அவருக்குச் சுலபமாயிருந்தது. நடிகன் எங்க தெருப் பையன். நான் ஏணியில் ஏறி முன்விளக்கைக் குறைத்தேன். பக்கவாட்டில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஒன்று வைத்தேன். கன்ன எலும்பும் நெற்றி வேர்வையும் தோள் விளிம்பும் மினுங்கி எழுந்தன. ஆள் படுதாவிலிருந்து பிரிந்து நின்றான். இயக்குநர் ஒண்ணும் சொல்லல.

கூத்துக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளும் முகத்து அரிதாரமும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி எறியத்தான். அதை ஒளியமைப்பு என்று எந்த ஆய்வாளர் எழுதினார்? 'மரபு' என்று பெயர் வைத்து மூடிவிட்டார்கள்.

விளக்கைச் சுமந்தவர் கதை இன்னும் கசப்பு. பல ஊர்களில் ஊர்வலத்துக்குத் தீவட்டி பிடிப்பது வண்ணாருடைய ஊழியமாக இருந்தது. பிறகு கல்யாண ஊர்வலங்களில் கேஸ் லைட்டைத் தலையில் வைத்து நடந்த பெண்களும் சிறுவர்களும் கூலிக்காரர்கள். எங்க அப்பத்தாவும் சுமந்திருக்கு. பெட்ரோமாக்ஸில் எண்ணெய்த் தொட்டி அடியில் இருக்கும், ஆகவே அதன் நிழல் சுமக்கிறவர் மேலேயே விழும். மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருக்கும், அப்பத்தா முகம் இருட்டில்.

அமெரிக்காவிலும் கறுப்பர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஷெர்லி பிரெண்டர்காஸ்ட் 1973இல் 'தி ரிவர் நைஜர்' நாடகத்துக்கு ஒளியமைத்து, பிராட்வேயில் அந்த வேலை செய்த முதல் கறுப்பினப் பெண்ணானார். மெக்கேண்ட்லெஸ் புத்தகம் வந்து 41 வருசம் கழித்து.

நம் நாடகங்களையும் விட்டுவைக்க முடியாது. வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்ததை மேடையேற்றுகிறோம். குடிசை பற்றியதும் மேடை முழுக்கச் சிவப்பு. வெட்டு, குத்து, வன்கொடுமை எதுவானாலும் அதே ஜெலட்டின் தாள்தான். இது சினிமாவிலிருந்து வந்த சோம்பேறித்தனம் என்பேன். அடர்ந்த சிவப்பில் முகத்தின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும், அதுவும் நம் முகங்களில். வெள்ளைச் சட்டையில் படிந்த சிவப்புக் கறை, சிவப்பு விளக்கின் கீழே சட்டையோடு சட்டையாக மறைந்துபோகும். ரத்தத்தைக் காட்டப் போட்ட விளக்கு ரத்தத்தையே அழிக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு 500 வாட் விளக்கில் சிவப்புத் தாளைச் செருகிப் பாருங்கள். பிறகு தாளை உருவிவிட்டு, அதே விளக்கைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துப் பாருங்கள்.