விண்கலத்தில் ஏறிய நாடு

ஒன்றைச் சொல்ல எண்ணி, அதனை வெளிப்படக் கூறாது, அதனை ஒத்த வேறொன்றைக் கூறிக் கேட்போர் உள்ளத்தில் கருதியதைத் தோன்றச் செய்வதைத் தமிழ் அணிநூலார் பிறிதுமொழிதல் என்பர். அரபு பலாகத் கலையார் இதற்கு அண்மையான நெறிகளை இஸ்திஆரா, கினாயா என்னும் பெயர்களால் வகுத்துரைப்பர். மன்னர்முன் நேரே சொல்ல இயலாதவற்றைச் சிங்கத்தின் அரசவையில் நரிகளைப் பேசவிட்டுச் சொன்ன நூல் 'கலீலா வ திம்னா'. பஞ்சதந்திரத்திலிருந்து பஹ்லவி மொழிவழி வந்த அக்கதைகளை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியாக்கினார். விலங்குகளின் வாயில் வைத்த சொல் அரண்மனையின் செவிக்கு எட்டும் என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர்.

அந்தப் பழைய உத்தியே நம் காலத்தில் விண்கலம் ஏறித் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது. நம் இல்லங்களில் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பெரியவர்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். விளையாட்டுப் போலத் தோன்றும் இத்தொடர்களில் ஒரு நாடு தன்னைப்பற்றிக் கொண்டுள்ள கனவும், அக்கனவை உண்மை நிலை மறிக்கும் இடமும் பதிந்து கிடக்கின்றன. அவற்றைப் படித்தறியும் கண் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' தொடரை முதற் சான்றாகக் கொள்வோம்.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் என்.பி.சி. நிறுவனம் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், 79 பகுதிகளோடு அது முடிவுற்றது. இதனைப் படைத்த ஜீன் ராடன்பெர்ரி இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டியவர்; பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையில் பணியாற்றியவர். அவர் தீட்டிய எதிர்காலத்தில் மண்ணுலக மாந்தரிடையே போர் இல்லை, வறுமை இல்லை, நிறப்பகை இல்லை. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் வெள்ளையரான கேப்டன் கர்க்கின் கீழ், ஆப்பிரிக்க இனத்துப் பெண்ணாகிய ஊஹூராவும், ஆசியராகிய சூலூவும், வேற்றுக் கோளைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்த ஸ்போக்கும் ஒன்றாகப் பணிபுரிந்தனர். 1967இல் செக்கோவ் என்னும் ரஷ்ய இளைஞனும் அவர்களோடு சேர்ந்தான். அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டுகளைக் குவித்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இக்கனவு வெறுங்கனவன்று. சூலூவாக நடித்த ஜார்ஜ் டகேய், குழந்தைப் பருவத்தில் தம் பெற்றோரோடு அமெரிக்க அரசின் முகாமில் அடைக்கப்பட்டவர். 1942இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்தால் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல் இழந்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு அடைக்கப்பட்ட ஒரு சிறுவன், கால் நூற்றாண்டுக்குப் பின் அதே நாட்டின் திரையில் விண்கலத்தைச் செலுத்துபவனாக அமர்ந்தான். ஊஹூராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் தொடரை விட்டு விலக எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து விலக வேண்டாமென வற்புறுத்தினார் என்று பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். 1992இல் விண்வெளி சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணியான மே ஜெமிசன், ஊஹூராவைத் திரையில் கண்டதே தமக்கு ஊக்கமளித்தது என்றார். கதையில் கண்டது வாழ்வில் நிகழ்ந்தது. இதனைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

ஆயினும் திறனாய்வாளன் பாராட்டோடு நின்றுவிடுதல் தகாது. இத்தொடர் தன் இலட்சியத்தை முழங்கும் இடங்களைவிட, அதனைச் சொல்லவந்து தயங்கும் இடங்களே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன.

முதலாவது தயக்கம் தலைமை பற்றியது. கோள்கள் பலவும் இணைந்த கூட்டமைப்பின் கலம் அது எனக் கதை கூறுகிறது. அக்கூட்டமைப்பு ஐக்கிய நாடுகள் அவையை நினைவூட்டுகிறது. ஆனால் கலத்தின் பெயரோ அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் பெயர். இரண்டாம் உலகப் போரில் பொருதிய ஒரு விமானந்தாங்கிக் கப்பலும், 1961இல் பணியேற்ற அணுவிசைக் கப்பலும் எண்டர்பிரைஸ் என்றே பெயர் பூண்டிருந்தன. பெயருக்கு முன் நிற்கும் யு.எஸ்.எஸ். என்னும் எழுத்துக்களும் அக்கடற்படையின் எழுத்துக்களே. கலத்தின் தலைவனும் ஓர் அமெரிக்கன். எல்லாரும் ஒரே கலத்தில் ஏறலாம். சுக்கான் மட்டும் யார் கையில் என்பது முன்னரே முடிவாகிவிட்டது.

இரண்டாவது தயக்கம் பெண்டிர் பற்றியது. முதன்முதல் எடுக்கப்பட்ட மாதிரிப் படத்தில் கலத்தின் துணைத்தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தது. தொடராக வந்தபோது அப்பாத்திரமே இல்லை. 1969இல் வெளியான இறுதிப் பகுதியிலோ, கலத்தின் தலைவர்களாகப் பெண்களுக்கு இடமில்லை என்று ஒரு பெண்பாத்திரமே மனங்கசந்து பேசுகிறாள். அவளை மனநிலை பிறழ்ந்தவளாகக் கதை காட்டிவிடுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வதாகச் சொல்லப்பட்ட கதை, தன் சொந்த ஆண்டின் வேலியைத் தாண்ட இயலாது நின்ற இடம் இது.

மூன்றாவது, நிறவேற்றுமை. 1968 நவம்பர் 22இல் வந்த பகுதியில் கர்க்கும் ஊஹூராவும் முத்தமிடும் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. இரு நிறத்தார் மணம் புரிவதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 1967ஆம் ஆண்டில்தான். அத்தகைய காட்சி நம் இல்லங்களுக்கு உகந்ததா என்பது வேறு வினா. நாம் இங்கு நோக்குவது, கதை அதனை எவ்வாறு அமைத்தது என்பதையே. வேற்றுக் கோளத்தார் தம் மனவலிமையால் இருவரையும் பொம்மைகள்போல் ஆட்டுவிக்கின்றனர். இருவரும் தம் விருப்பத்தால் நெருங்கவில்லை. துணிந்து சொல்லவந்த ஒன்றை, 'நாங்களாகச் செய்யவில்லை' என்னும் திரைக்குப் பின் நின்றே சொல்ல முடிந்தது. அச்சத்தின் அளவு அத்திரையின் கனத்தால் தெரிகிறது.

இவற்றினும் பெரிய சோதனை வியட்நாம் போர். இத்தொடர் ஒளிபரப்பான மூன்று ஆண்டுகளும் அப்போர் உச்சத்திலிருந்த ஆண்டுகள். 1967 பிப்ரவரியில் வந்த 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடன்' என்னும் பகுதியில் இரு கோள்கள் ஐந்நூறு ஆண்டுகளாகக் கணிப்பொறிகளால் போர் நடத்துகின்றன. குண்டு வீழ்வதில்லை, கட்டடம் இடிவதில்லை. இறந்தோர் எனக் கணிப்பொறி அறிவித்தவர்கள் தாமாகவே சென்று கொலைக்கூடத்துள் நுழைகின்றனர். இறந்தோர் எண்ணிக்கையே வெற்றியின் அளவாக நாள்தோறும் வெளியிடப்பட்ட காலத்தில் இக்கதை வந்தது. போரின் கொடுமை கண்ணுக்குப் படாதவரை போர் ஓயாது என்பதே அதன் உட்பொருள். பிறிதுமொழிதலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை இத்தொடரில் நாம் காணவில்லை.

ஓராண்டு கழித்து, 1968 பிப்ரவரி 2இல் 'எ பிரைவேட் லிட்டில் வார்' வந்தது. வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. அமைதியான ஒரு கோளில் பகைவராகிய கிளிங்கான்கள் ஒரு சாராருக்குத் துப்பாக்கிகளைத் தருகின்றனர். மறுசாராருக்கும் அதே அளவு துப்பாக்கி தந்தால் சமநிலை ஏற்படும் என்று கர்க் வாதிக்கிறான். இருபதாம் நூற்றாண்டில் ஆசியக் கண்டத்தில் நடந்த போரையே அவன் எடுத்துக்காட்டாகச் சொல்கிறான். மருத்துவர் மெக்காய் சினந்து மறுக்கிறார். இறுதியில் கர்க் துப்பாக்கிகளுக்கு ஆணையிடுகிறான். ஆயினும் அவன் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை, தோல்வியுற்றவனின் சோர்வே இருக்கிறது. பிற கோளத்தார் வாழ்வில் தலையிடலாகாது என்பது அக்கூட்டமைப்பின் முதற்பெரும் விதி. அவ்விதியை வகுத்தவர்களே தம் கையால் அதனை முறித்துவிட்டு, முறித்ததற்கு வருந்துகின்றனர். அக்கால அமெரிக்காவின் மனநிலையை அரசியல் அறிக்கைகளைவிட இவ்வருத்தம் தெளிவாகக் காட்டுகிறது எனலாம்.

இக்கதையின் குறை யாது? துப்பாக்கி பெறுவோரின் சொல்லுக்கு அதில் இடமில்லை. அம்மலைவாழ் மக்கள் என்ன விரும்புகின்றனர், அவர்களுள் வேறு வழி சொல்வோர் உண்டா என்பன கேட்கப்படவில்லை. வல்லவரின் மனச்சான்று படும் துயரம் விரிவாகப் பேசப்படுகிறது. எளியவரின் சாவு அத்துயரத்துக்குப் பின்னணியாக அமைந்துவிடுகிறது.

தொலைக்காட்சி விளம்பரதாரரின் பணத்தால் நடப்பது. அதனிடம் இதற்குமேல் எதிர்பார்க்கலாமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அத்துறையிலேயே பின்னர் இக்குறை ஓரளவு களையப்பட்டது என்பதால் நாம் எதிர்பார்ப்பது தவறன்று. 1993 முதல் 1999 வரை வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், அரை நூற்றாண்டு அந்நிய ஆட்சியின்கீழ் நொந்த பஜோர் என்னும் கோளின் பெண்ணொருத்தி முதன்மைப் பாத்திரங்களுள் ஒருத்தி. அவள் ஆயுதமேந்திப் போராடியவள். அதனால் நேர்ந்த பாவச்சுமையையும் மறைக்காதவள். நிலையத்தின் தலைவர் ஆப்பிரிக்க வழியினர். மருத்துவரின் பெயரோ பஷீர். நற்செய்தி கூறுபவர் என்னும் பொருளுடைய அரபுப் பெயர். அப்பாத்திரத்தை ஏற்றவர் சூடானில் பிறந்த அலெக்சாண்டர் சித்தீக். அப்பெயர் கேலிக்கோ அச்சத்துக்கோ உரியதாக அன்றி, திறமையான இளம் மருத்துவரின் பெயராக, ஏழு ஆண்டுகள் அந்நாட்டு இல்லங்களில் ஒலித்தது.

2001 செப்டம்பர் 11இல் ஏறத்தாழ 3,000 உயிர்கள் மாய்ந்தபின் காற்று மாறியது. ஸ்டார் டிரெக் குடும்பத்தின் 'எண்டர்பிரைஸ்' என்னும் தொடரில், 2003ஆம் ஆண்டு, மண்ணுலகின்மேல் திடீர்த் தாக்குதல் நிகழ்ந்து எழுபது இலட்சம் பேர் மடிகின்றனர். பகைவரைத் தேடிச் செல்லும் தலைவன், சிறைப்பட்ட ஒருவனைக் காற்றுப் போக்கும் அறையில் அடைத்து மூச்சுத் திணறவைத்து உண்மையைக் கறக்கிறான். அவன் மனம் உறுத்துகிறது, செயல் பயனளித்துவிடுகிறது. அடுத்த ஆண்டு, 2004 ஏப்ரலில், ஈராக்கின் அபூகுரைப் சிறைப் படங்களை உலகம் கண்டது. திரை முந்தியதா, சிறை முந்தியதா என்று நாம் வாதிடவில்லை. இரண்டும் ஒரே காற்றை உள்வாங்கியவை.

எனினும் அதே நாட்டில், டீப் ஸ்பேஸ் நைன் எழுத்தாளர்களுள் ஒருவரான ரொனால்ட் மூர், 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரில் வேறு வழி கண்டார். 2006 அக்டோபரில் அதன் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, கதைமாந்தராகிய மானிடர் சைலான் என்னும் இயந்திர இனத்தாரின் ஆக்கிரமிப்பில் வாழ்கின்றனர். நள்ளிரவுச் சோதனை, விசாரணையற்ற சிறை, ஆக்கிரமிப்பாளருக்கு உதவும் உள்ளூர்க் காவல்படை யாவும் அங்கு உண்டு. மானிடத் தலைவர்களுள் ஒருவரே, தன்னுடலில் குண்டு கட்டிய ஒருவனை அக்காவல்படையின் விழாவுக்குள் அனுப்புகிறார். ஈராக்கில் தம் படைகள் நின்றிருந்த வேளையில், அமெரிக்கப் பார்வையாளர் ஆக்கிரமிக்கப்பட்டோரின் இடத்தில் அமர்த்தப்பட்டனர். அச்செயலைக் கதை போற்றவில்லை; உயிரைப் போக்கும் அவ்வழியை நம் மார்க்கமும் ஏற்பதில்லை. ஆனால் ஒரு மக்கள் அந்த இருளுக்கு எவ்வாறு தள்ளப்படுகின்றனர் என்பதை அயலாரின் கதையாக அன்றித் தம் கதையாகக் காணும்படி அது செய்தது. 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமை குறித்து இத்தொடரை முன்வைத்து ஒரு கலந்துரையாடலை நடத்தியதில் வியப்பில்லை.

அதிலும் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. அக்கதையில் மானிடர் பல தெய்வங்களைத் தொழுகின்றனர்; ஒரே இறைவனைப் பேசுவோர் பகைவராகிய சைலான்கள். இதனை நம்மீது எறிந்த கல்லாகக் கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கரின் பெரும்பான்மைச் சமயமும் ஓரிறைக் கொள்கையே பேசுவதால், அக்கல் எறிந்தவரையும் தொடும். தாம் மட்டுமே இறைவனின் பக்கம் நிற்பதாக எண்ணும் வல்லரசின் செருக்கே அங்கு உணர்த்தப்படுவதாக நாம் கருதுகிறோம்.

இவை அனைத்தையும் தொகுத்து நோக்கின் ஓர் உரைகல் கிடைக்கிறது. தன் நாட்டின் இலட்சியத்தைப் போற்றும் கதை எளிது. அந்த இலட்சியத்தைக் கொண்டு தன் நாட்டையே அளக்கும் கதை அரிது. அந்த அளவுகோலை அயலான் கையிலும் கொடுக்கும் கதை அதனினும் அரிது. ஸ்டார் டிரெக் முதலாவதை நிறைவாகவும் இரண்டாவதை அவ்வப்போதும் செய்தது. மூன்றாவதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பிள்ளைகள் இத்தொடர்களைப் பார்க்கும்போது பெட்டியை அணைக்கச் சொல்வதால் பயன் விளையாது. அருகில் அமர்ந்து, கலத்தின் சுக்கான் யார் கையில் இருக்கிறது, பேச வாய்ப்பின்றி நிற்பவர் யார் என்னும் இரு வினாக்களைக் கேட்போமாக. இவ்விரண்டுக்கும் விடை காணப் பழகிய பிள்ளை, நாளை செய்தித்தாளைப் படிக்கும்போதும் அவற்றையே கேட்கும். நம்முடைய சொந்தக் கதைகளைப் படிக்கும்போதும் கேட்கும். அதற்கும் நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.