‘போனோம்’ என்பதற்குள் இருக்கும் இன்னொருவர்

எங்கள் ஊர் மணமேல்குடியிலிருந்து ஒரு பெண் பரிமாற்ற மாணவியாக ஜெர்மனிக்குப் போய் ஒரு பருவம் படித்துவிட்டு வந்தாள். பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவள். ஊர் திரும்புவதற்கு முன் கிடைத்த கடைசி விடுமுறையில் 14 நாள் சுற்றியதை 27 பக்கக் கட்டுரையாக எழுதி, “ஒரு தடவை பாத்துக் குடுங்க ஐயா” என்று அனுப்பியிருந்தாள். பெயர் போடாமல் இதைப் பற்றி எழுதிக்கொள்ளலாம் என்று பிறகு அனுமதியும் தந்தாள்.

கட்டுரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிராக்கின் சார்லஸ் பாலம், வியன்னாவின் ஷான்புருன் அரண்மனை, புடாபெஸ்டில் டான்யூப் கரையில் நிற்கும் நாடாளுமன்றம் எல்லாம் அததற்குரிய இடத்தில் இருந்தன. எந்தப் பேருந்து, என்ன செலவு, எங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும் என்பதுவரை எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில்தான் ஒன்று உறுத்தியது. போனோம், ஏறினோம், சாப்பிட்டோம், மழையில் நனைந்தோம். வினைமுற்றெல்லாம் ‘ஓம்’ என்று முடிகிறது. கூட இருந்தவரைப் பற்றி 27 பக்கத்திலும் ஒரு சொல் இல்லை.

தொலைபேசியில் கேட்டேன். “யாரோட போனே?”

“ஃப்ரெண்டோடதான் ஐயா.” சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: “அப்பா படிப்பாரு ஐயா.”

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் அலமாரியில் இருந்த பயண நூல்களை எடுத்துப் புரட்டியபோது, இது அவளுடைய தயக்கம் மட்டும் இல்லை என்று தோன்றியது. தமிழ்ப் பயண எழுத்தில் இடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கூட வந்தவர்கள் பெரும்பாலும் வினைமுற்றின் விகுதிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பரிமாற்ற மாணவரின் கடைசிப் பயணம் ஒரு தனி வகை. சுற்றுலாப் பயணி புறப்படும்போது எதையும் இழப்பதில்லை. புலம்பெயர்ந்தவருக்குத் திரும்பும் தேதி இல்லை. மாணவருக்கு இரண்டும் உண்டு. ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியதிலிருந்து, ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் படித்துவிட்டுத் திரும்புவது அங்கே மாணவ வாழ்க்கையின் சாதாரணப் பகுதியாகிவிட்டது. நம் பிள்ளைகளும் இன்று வேறு வேறு ஒப்பந்தங்களின் வழியே போகிறார்கள். ஒரு ஷெங்கன் நாட்டில் தங்க அனுமதி பெற்ற மாணவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்வரை சுற்றலாம். அனுமதி முடிகிற தேதி அட்டையிலேயே அச்சாகியிருக்கும். பரீட்சை முடிந்து அறையைக் காலி செய்து, அந்தத் தேதிக்கு முன் மிச்சமிருக்கும் நாட்களில் நடப்பது இந்தப் பயணம். நாலைந்து மாதத்தில் மிக நெருங்கிய ஒருவரோடுதான் பெரும்பாலும் போவார்கள். பார்க்கப் போவது ஊர்களை. பிரியப்போவது அந்த ஆளை. ஊர்களை மட்டும் எழுதினால் பயணத்தில் பாதிதான் காகிதத்துக்கு வருகிறது.

படிப்பு முடித்துத் திரும்பும் பயணத்துக்குத் தமிழில் முன்னோடி ஏ.கே. செட்டியார். எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையின் கோட்டையூர்க்காரர். டோக்கியோவில் புகைப்படக்கலை படித்து, நியூயார்க்கிலும் அதே படிப்பை முடித்து, 1937 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் அவருக்கு வந்தது. அதற்காகத் திரும்பவும் பல நாடுகள் அலைந்து, துண்டு துண்டாகக் கிடந்த படச்சுருள்களைச் சேகரித்து, 1940இல் படத்தை வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூல் வந்ததும் அதே ஆண்டு.

செட்டியாரின் உரைநடையை ரசிக்காதவர்கள் குறைவு. சின்ன வாக்கியம், நேரான தகவல், ஒரு வரியில் முடிந்துபோகும் கேலி. தன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அது கஞ்சத்தனம் கிடையாது. தான் ஒதுங்கி நின்றால்தான் எதிரே நிற்பவர் தெரிவார் என்ற கணக்கு. கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி அவர் எழுதிய இடங்களில் எழுதுபவர் பின்னால் போய்விடுகிறார், சந்தித்தவர்கள் முன்னால் வருகிறார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த ஒதுக்கத்தைப் பழகிக்கொண்ட அளவுக்கு அந்தக் கண்ணைப் பழகவில்லை என்பது என் எண்ணம். தன்னையும் மறைத்து, பக்கத்தில் இருந்தவரையும் மறைத்தால் மிஞ்சுவது கட்டடமும் டிக்கெட் விலையும்தான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செட்டியாரின் மௌனம் அவராகத் தேர்ந்துகொண்டது. என் மாணவியின் மௌனம் அப்படி வந்ததில்லை. ஒரு பையன் இதே கட்டுரையை எழுதியிருந்தால் “நானும் என் நண்பனும்” என்று முதல் வரியிலேயே தொடங்கியிருப்பான், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும் அதற்கு வேறு தொனி இருந்திருக்கும்.

என் கேள்வியின் தொனி என்ன என்று பிறகு யோசித்தேன். “யாரோட போனே?” என்பது பேருந்து நிலையத்தில் ஊர் கேட்கிற கேள்வி. அதைக் கேட்டவன் வாசகன் இல்லை, ஊர்க்காரன்.

சிலப்பதிகாரத்தில் இந்தக் கேள்வி வருகிறது. புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் கோவலனையும் கண்ணகியையும் பார்த்த இரண்டு வம்பர்கள், காமனும் ரதியும்போல இருக்கிற இவர்கள் யார் என்று கவுந்தியடிகளிடம் கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக இருப்பதுண்டோ என்று அவர்கள் இளிக்க, அடிகள் அவர்களை நரியாகும்படி சபித்துவிடுகிறார். பிறகு கோவலனும் கண்ணகியும் இரங்கிக் கேட்டதால் தண்டனை 12 மாதமாகச் சுருங்குகிறது. வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பகுதி. அந்த நரிகளோடு மூன்றாவதாக நானும் ஓடியிருக்க வேண்டியவன் என்பது இப்போதுதான் உறைத்தது.

அதே நாடுகாண் காதையில் வேறொரு கேள்வியும் இருக்கிறது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. நடந்து பழகாத கண்ணகி, மதுரை எது என்று கேட்கிறாள். அதோ, நம் நாட்டுக்கு அப்பால் ஆறைந்து காதம்தான் என்கிறான் கோவலன். முப்பது காதத்தைச் சிறிய எண்களாக உடைத்து, பக்கம்போலத் தோன்றும்படி சொல்கிறான் என்று பொருள் சொல்வார்கள். தூரம் எவ்வளவு, அவள் கால் எப்படி இருக்கிறது, அவன் மனத்தில் என்ன குற்றவுணர்ச்சி என்று மூன்றும் அந்தக் கேள்வியாலும் பதிலாலும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கோவலன் தனியாகப் போயிருந்தால் அது வெறும் வழி. எங்கள் மாவட்டத்துக் கொடும்பாளூரில் பாதை மூன்றாகப் பிரிவதை மாங்காட்டு மறையவன் விரிவாக எடுத்துச் சொல்கிறான். வழித்தகவலாக அது மிகச் சிறப்பு. ஆனாலும் படித்தவர் மனத்தில் நிற்பது கண்ணகியின் கேள்விதான்.

ஆகவே பயண எழுத்தில் வாசகன் கேட்க வேண்டியது கூட வந்தவர் யார் என்பதை இல்லை. அவர் எதைப் பார்த்தார், என்ன கேட்டார், எங்கே உங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான். இதற்குப் பெயர் வேண்டாம், உறவுமுறை வேண்டாம், ஆணா பெண்ணா என்பதும் வேண்டாம்.

தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ 1971இல் வந்தது. காவேரிக் கரையோரம் போன பயணம். அட்டையிலேயே இரண்டு பெயர். அதனால் அந்த நூலில் ‘நாங்கள்’ என்று வரும்போது அது காலியாக ஒலிப்பதில்லை. ஆற்றை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தே படிக்கிறோம். நம் பயண நூல்களில் அது தனித்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் ஊர் திரும்பியும் நண்பர்களாக இருந்தவர்கள். பயணம் முடிகிற இடத்தில் பிரிகிற துணையை எழுத அவர்களுக்கு அவசியம் நேரவில்லை.

அதை எழுதியவர் சேக்கிழார். மணமேல்குடிக்காரர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் உரிமை உண்டு. பாண்டியனின் அமைச்சர் குலச்சிறையார் மணமேற்குடியில் பிறந்தவர் என்கிறது பெரியபுராணம். அவரும் அரசி மங்கையர்க்கரசியும் அனுப்பிய அழைப்பு, எங்கள் கடற்கரைக்கு வடகிழக்கே திருமறைக்காட்டில் இருந்த சம்பந்தருக்குப் போகிறது. அப்போது சம்பந்தரும் அப்பரும் ஒன்றாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒருவர் பாட அடைத்த கதவு திறந்து, மற்றவர் பாட அது மூடியதும் அதே ஊரில்தான். மதுரை அழைப்பு வந்ததும் அப்பர் தடுக்கிறார். சமணரிடம் தான் பட்டது அவருக்கு நினைவில் இருக்கிறது, நாளும் கோளும் சரியில்லை என்கிறார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்புகிறார். அப்பர் தங்கிவிடுகிறார். சமயச் சண்டைகளை ஒதுக்கிவிட்டு இந்தக் காட்சியை மட்டும் பாருங்கள். போகிறவரின் துணிவு நமக்குத் தெரிய வருவது தங்குகிறவரின் பயத்தால்தான். சேக்கிழார் அந்தப் பயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போன செய்தியாக மட்டும் நின்றிருக்கும்.

இவ்வளவும் யோசித்த பிறகு அவள் கட்டுரையை மறுபடி எடுத்தேன். இம்முறை கையில் நன்னூலும் இருந்தது. தன்மைப் பன்மை விகுதிகளைப் பவணந்தியார் வகைப்படுத்துகிறார். அம், ஆம் இரண்டும் கேட்பவரை என்னோடு சேர்க்கும். எம், ஏம், ஓம் மூன்றும் படர்க்கையில் இருப்பவரை என்னோடு சேர்க்கும். இன்றைய தமிழில் அம்மும் எம்மும் போய்விட்டன, ஓம் ஒன்றே எல்லா வேலையும் பார்க்கிறது. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை எழுவாய் காட்டும். எழுவாயை விட்டுவிட்டால் ‘போனோம்’ யாரை வேண்டுமானாலும் குறிக்கும். என் மாணவி 27 பக்கமும் எழுவாயை விட்டிருந்தாள். ஆனால் பவணந்தியார் கணக்குப்படி பார்த்தால் அவள் எதையும் மறைக்கவில்லை. நானும், நீங்கள் அறியாத இன்னொருவரும் என்றுதான் ஒவ்வொரு வினையிலும் எழுதியிருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில், முதல் வாசிப்பில் நான் கவனிக்காமல் தாண்டிய இடம் ஒன்று இருந்தது. மியூனிக் ரயில் நிலையம். இரண்டு பேரும் வேறு வேறு திசைக்குப் போகிறார்கள் என்பதைக்கூட அவள் சொல்லவில்லை. நடைமேடையில் காத்திருந்தோம் என்று ஒரு வாக்கியம் முடிகிறது. அடுத்த வாக்கியம், வண்டியில் ஏறினேன். அதற்குப் பின் கட்டுரை முழுக்க ஏன், ஏன், ஏன் என்றே வினைகள் முடிகின்றன. விமான நிலையத்துக்கு வந்தேன், பெட்டியை எடை போட்டேன், சென்னையில் இறங்கினேன். 14 நாள் இருந்த ஒருவர் ஒரு விகுதி மாற்றத்தில் போய்விட்டார். இலக்கணம் நடத்தி வாழ்ந்தவனுக்கே இது இரண்டாம் வாசிப்பில்தான் பட்டது என்றால், மற்றவர்களுக்குப் படுமா? பட வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

முழுக்க எதிர்பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்த ‘ஏறினேன்’ வலிக்க வேண்டுமென்றால், இழக்கிற ஆளை வாசகனுக்கு ஒரு தடவையாவது காட்டியிருக்க வேண்டும். அவளைத் திரும்பவும் அழைத்தேன். யார் என்று இம்முறை கேட்கவில்லை. “அவங்க ஒன்னைய என்னமாச்சும் கேட்டது ஞாபகம் இருக்கா?” என்றேன்.

நிறைய யோசிக்கவில்லை. புடாபெஸ்டில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, உங்கள் ஊர்க் கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டாராம். அலையே இருக்காது, குளம் மாதிரிக் கிடக்கும், இடுப்பளவு தண்ணியில ரொம்ப தூரம் நடக்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. அலை இல்லாததைக் கடல் என்று எப்படிச் சொல்வது என்று வாதாடியிருக்கிறார். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, இலங்கை மறைத்து நிற்பதால் பெரிய அலை வராது என்று இவள் வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறாள். “அப்பதான் ஐயா ஊருக்குப் போகணும்னு மொதல்ல தோணுச்சு. போகக் கூடாதுன்னும் தோணுச்சு.”

“இதை ஏன் எழுதலே?”

“இதெல்லாம் எழுதுறதா ஐயா?”

இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். இதில் அப்பா படிக்கக் கூடாதது எதுவும் இல்லை. அவர் தினமும் பார்க்கிற கடல்தான் இருக்கிறது. ஆறு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அந்த ஆறு வரியிலும் கூட வந்தவர் யார் என்று இல்லை. கட்டுரை இப்போது 28 பக்கம்.