நற்செய்தி எழுதாமல் விட்ட அழுகை

இயேசுவைச் சிலுவையில் அறைந்த காட்சியை நான்கு நற்செய்தியாளர்களுமே விரித்துரைக்கவில்லை. அறைந்தார்கள் என்ற அளவில் கடந்துபோகிறார்கள். அந்த இடத்தில் ஆணியைப் பற்றிக்கூடப் பேச்சில்லை. உயிர்ப்புக்குப் பிறகு, நம்ப மறுத்த தோமாவின் வாயிலிருந்துதான் அது வருகிறது. சிலுவையடியில் மரியா நின்றதை யோவான் குறிப்பிடுகிறார். அவர் அழுதாரா என்பதைச் சொல்லவில்லை.

ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் மரபு பெரிதும் இந்த மௌனங்களில்தான் வேர்விட்டது. கத்தோலிக்கர்கள் தவக்கால வெள்ளிகளில் செய்யும் சிலுவைப்பாதையை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய இந்தப் பக்திமுயற்சிக்கு 14 நிலைகள் என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் வரையறுத்தார். அவற்றில் இயேசு மூன்று முறை விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கா அவர் முகத்தைத் துடைப்பதும் நற்செய்தியில் இல்லாதவை. ஆனாலும் முழந்தாளிட்டுச் செபிப்பவர்களின் கண் கலங்குவது பெரும்பாலும் இந்த நிலைகளில்தான்.

தமிழில் இந்த மௌனத்தை நிரப்பியது புலம்பல். இத்தாலியில் பிறந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர் (1680–1747), யோசேப்பைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடியவர். மகனை இழந்த தாயின் துயரத்துக்கு அவர் தனியாக ஒரு நூலே செய்தார்: அன்னை அழுங்கல் அந்தாதி. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதி, துக்கத்துக்குப் பொருத்தமான வடிவம். அழுகை ஓய்ந்தது என்று நினைக்கும் இடத்திலேயே மறுபடி தொடங்கிவிடுகிறது.

அவர் காலத்திலேயே இலங்கையில் பணியாற்றியவர் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742). டச்சு ஆட்சி கத்தோலிக்கர்களை ஒடுக்கிய காலம் அது. சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்த அவருடைய வியாகுல பிரசங்கம் வெறும் வாசிப்பு நூலாக நின்றுவிடவில்லை. தவக்காலத்தில் ஆலயங்களில் கூடியிருந்து இராகத்தோடு ஓதப்படும் நூலாக ஊர்களில் நிலைத்தது. மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் பாடுகளின் கதையை உடக்குகள் எனப்படும் பாவைகளைக் கொண்டு நிகழ்த்தும் மரபும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதே கதையைப் பெரும் மேடை நாடகமாக்கியது.

சீர்திருத்த சபைகள் வேறு வழியில் போயின. பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனை, சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வார்த்தைகளைச் சுற்றியே அமைகிறது. ஏழும் ஒரே நற்செய்தியில் கிடைப்பதில்லை. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் பொதுவாக ஒன்று. வேதத்தில் உள்ளதை விட்டு விலகாத இந்த ஆராதனையின் மூலமும் கத்தோலிக்க மண்தான்: 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருவின் லிமா நகரில் ஓர் இயேசு சபைக் குரு இதைத் தொடங்கினார்.

வைணவக் குடும்பத்தில் பிறந்து சீர்திருத்த சபையில் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையோ, 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகத்தில் பாடுகளுக்கென்று ஒரு படலத்தையே ஒதுக்கினார். இயேசு கட்டுண்டு நிற்கும் இடத்தில் அவர் காட்டுவது மற்றொரு கட்டு. பகைத்தவர்கள்மேல் வைத்த அன்பே இயேசுவைப் பிணித்தது. அதை அறுக்க மனமில்லாமல் ஏழைபோல ஒடுங்கி நிற்கிறார் என்கிறார் கவிஞர். நற்செய்தி சொன்ன நிகழ்ச்சிதான். அதற்குக் கொடுத்த காரணம் ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய மனம் கண்டது.

1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உரோமையின் கொலோசியத்தில் புதிய சிலுவைப்பாதையை முன்வைத்தார். 14 நிலைகளும் நற்செய்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை. வெரோணிக்காவுக்கு அதில் இடமில்லை. மகன் சிலுவையிலிருந்து பேசும் நிலையில் மட்டும் தாய் இருக்கிறார். ஆனால் பழைய வரிசை விலக்கப்படவில்லை. கோவில் சுவர்களில் வெரோணிக்கா இன்னும் துணியோடு நிற்கிறார். ஆறாம் நிலைக்கு வந்ததும் மக்கள் முழந்தாளிடுகிறார்கள்.