கேபிள் முனையின் கைத்திறன்

1996இல் மலேசியாவில் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து கிள்ளான் தாமான் வீடுகளிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் டிஷ்ஷிலிருந்து ஒரு கேபிள் இறங்கி வருகிறது. அதன் முனையிலுள்ள எஃப் கனெக்டர் எனக்கு மிகவும் பிடித்த பொருள்.

அதற்குத் தனி ஊசி கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே ஊசி. அதனால் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும். தேர்ந்தவர் ஸ்ட்ரிப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலுறை கழன்று வரும். பின்னல் கம்பிகளை ஓர் இழை விடாமல் பின்னுக்கு மடிப்பார். வெள்ளை நுரை கனெக்டரின் உள்விளிம்போடு சமமாகும்வரை தள்ளி, கிரிம்பரால் ஓர் அழுத்து. நடுக்கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீளும்.

பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். ஏனென்றால் படம் இறங்கிவரும் அதே கம்பியில்தான் டிகோடர் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை டிஷ் தலைக்கு அனுப்புகிறது.

கேபிள் எட்டாத இடத்துக்கு ஜாயின்டர் உண்டு. சாதாரண ஆன்டெனா துளைக்கு அடாப்டர் உண்டு. ஆனால் ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் சிக்னலைத் தின்னும். முனை தளர்ந்த வீட்டில் அந்தி மழைக்குப் படம் முதலில் உறையும். மழையை யாராலும் நிறுத்த முடியாது. நல்ல முனை அதைச் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கைக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுப்போம்.