அமுக்கமும் அதிர்வும்: காரண விளக்கத்தில் இடையீடு பற்றிய ஒரு குறிப்பு

1870களிலே இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் திமோத்தேயோ பெர்தெல்லி என்னும் துறவி, தொங்கவிடப்பட்ட ஊசல்களை நுணுக்குக்காட்டியினூடே ஆண்டுக்கணக்கில் அவதானித்துவந்தார். புவிநடுக்கம் எதுவும் நிகழாத வேளைகளிலும் அவை ஓயாது அசைந்தன; பாரமானி இறங்கும்போது அசைவு மிகுந்தது. அவதானிப்பிற் குறையில்லை. ஆயின், வளிமண்டல அமுக்கம் நேரே நிலத்தை அசைக்கின்றது என்று அதற்குப் பொருள் கொள்வோமாயின் இடறிவிடுவோம்.

1950இல் லோங்கே-ஹிகின்ஸ் வெளியிட்ட கோட்பாடு இடையிலுள்ள கடலைக் கணக்கிற் கொண்டது. தாழமுக்கம் புயலாகின்றது, புயல் அலைகளை எழுப்புகின்றது, எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் அலைகள் சந்திக்குமிடத்தில், ஆழத்தோடு தேய்ந்துவிடாத அமுக்க மாறுதல் தோன்றிக் கடற்றரையை உந்துகின்றது. அவ்வாறு பிறக்கும் நில அதிர்வின் அலைவுகாலம் கடலலையின் அலைவுகாலத்திற் சரிபாதி. இந்தப் ‘பாதி’யே முக்கியமானது. கடல் வெறுங் கடத்தியன்று. தான் பெற்றதை மாற்றியே தருகின்றது. இலக்கியம் சமூகத்தைப் பிரதிபலிக்கின்றது என்று கூறி, விளைச்சற் புள்ளிவிபரத்திலிருந்து ஒரே பாய்ச்சலிற் கவிதைக்கு வந்துசேரும் விமர்சகர்கள் (நம்மிடையே அவர்களுக்குப் பஞ்சமில்லை) இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று. மரபும் வடிவமும் அவர்களது ஆய்வில் இடம்பெறாத கடல்கள்.

எனினும், இடையீட்டைக் கண்டுகொண்ட உற்சாகத்தில் நேரடி உறவையே மறுப்பதும் பொருள்முதல்வாத நோக்காகாது. அலைவுகாலம் 500 செக்கனைத் தாண்டும்போது காற்றுத் திணிவின் சுமையே நிலத்தை அழுத்துகின்றது, சாய்க்கின்றது. அத்திணிவின் ஈர்ப்பும் கருவியை எட்டுகின்றது. நிலைக்குத்து அசைவைப் பதியும் புவிநடுக்கமானியின் பதிவிலிருந்து, அதே இடத்து அமுக்கப் பதிவைத் தக்க விகிதத்திற் கழித்தால் இரைச்சல் குறைவதை 1995இல் சூர்ன், விட்மர் ஆகிய இருவரும் காட்டினர். அதன் பயனாகப் புவியின் மெல்லிய சுயாதீன அலைவுகள் தெளிவாயின. ஒரே அமுக்கம், ஒரே நிலம். உறவோ காலவளவுக்கேற்ப வேறுபடுகின்றது. எந்த அளவிற் பேசுகிறோம் என்று சொல்லாமல் ‘தொடர்பு உண்டு’ என்பது ஆய்வாகாது.

கடலே இல்லாத இடத்தில் என்ன நிகழும்? 2018 நவம்பரிற் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் புவிநடுக்கமானியோடு அமுக்கமானியையும் கொண்டுசென்றது. தூசுச் சுழல்கள் அருகே கடந்து அமுக்கம் வீழ்ந்தபோது, நிலம் மேலெழுந்து சாய்வதைக் கருவி நேரே பதிந்தது. காற்று ஓய்ந்த வேளைகளிலோ, புவியிற் கடலலைகள் ஓயாது எழுப்பும் அந்த 5 முதல் 10 செக்கன் அலைவுகால அதிர்வு அங்கே காணப்படவில்லை.