சனம் பெருத்துப் போச்சுங்களா? எர்லிக்கின் குண்டும் எங்க ஊர் போர்க்குழியும்

போன மாசம் பக்கத்துத் தோட்டத்தில் மூன்றாவது போர் போட்டாங்க. ராத்திரி முழுக்க வண்டி சத்தம், விடியக்காலைல எல்லாம் வெள்ளைப் புழுதி. 900 அடி போய்ப் பார்த்தாச்சு, புகைதான் வந்துச்சு. தோட்டக்காரர் எனக்குச் சொந்தமில்லை, ஆனா சின்ன வயசிலிருந்து பெரியப்பான்னுதான் கூப்பிடறது. பக்கத்துல போய் நின்னேன். "எல்லாம் சனம் பெருத்துப் போச்சு கண்ணு, அப்பறம் தண்ணி எங்கிருந்து பத்தும்?" என்றார்.

அப்போ ஒண்ணும் சொல்லத் தோணலை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு உதைத்தது. பெரியப்பா கூடப் பொறந்தவங்க ஏழு பேர். அந்தக் குடும்பம் மொத்தமும், ஆளுக்காரங்களும், மாடு கன்னும் ஒரே ஒரு 60 அடிக் கெணத்தை நம்பி இருந்திருக்கு. இன்னைக்கு அந்தத் தோட்டத்துல இருக்கறது அவரும் பெரியம்மாவும்தான். ஒரே பையன், அவன் பெங்களூர்ல. பேத்தியும் ஒண்ணே ஒண்ணு. சனம் எங்கே பெருத்துது? அந்த மேட்டாங்காட்டில் ஆள் குறைஞ்சிருக்கு, தண்ணி அதைவிட வேகமா குறைஞ்சிருக்கு.

"மக்கள் தொகை பெருகுது, அதனால இயற்கை வளம் தீருது" என்கிற வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் நானே சொல்லிப் பரிசு வாங்கியிருக்கேன். எனவே இந்த விமர்சனம் பாதி என் மேலேயே.

இந்த வாக்கியத்தின் நவீன மூலம்னு ஒரு புத்தகத்தைச் சொல்லணும்னா பால் எர்லிக் 1968-ல் எழுதின 'தி பாப்புலேஷன் பாம்' தான். மால்தூஸ் 1798-லேயே தொடங்கி வைத்த பேச்சு என்றாலும், அதைப் பொதுசனத்தின் பயமாக மாற்றினது எர்லிக். பட்டாம்பூச்சி ஆராய்ச்சியாளர். 1970களில் கோடிக்கணக்கான பேர் பட்டினியில் சாவாங்க, அதை இனி யாராலும் தடுக்க முடியாது என்று அடிச்சுச் சொன்னார். புத்தகம் தொடங்கறது நம்ம நாட்டில்தான். டெல்லியில் ஒரு புழுக்கமான ராத்திரி, குடும்பத்தோட டாக்சியில் போறார், ஜன்னலுக்கு வெளியே கூட்டம். மக்கள் தொகைப் பிரச்சினை தனக்கு உள்ளுக்குள் உறைச்சது அன்றைக்குத்தான் என்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவர் போன 1966 வாக்கில் டெல்லியின் மக்கள் தொகை 30 லட்சத்தைத் தொடவில்லை. பாரிஸ் நகரப் பகுதியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருந்தாங்க. பாரிஸில் டாக்சியில் போனவர் யாரும் ஜன்னல் வழியாப் பார்த்து உலகம் அழியப் போகுதுன்னு எழுதலை. அவர் கண்ணில் பட்டது வறுமை. கண்டது ஒண்ணு, எண்ணினது வேற ஒண்ணு.

சரி, கணிப்பு என்னாச்சு? 1968-ல் உலக மக்கள் தொகை 350 கோடி. 2022 நவம்பரில் 800 கோடி ஆச்சு. பஞ்சங்கள் வராமல் இல்லை, ஆனா அவர் சொன்ன அளவில் வரலை. காரணங்களில் ஒருவர் எங்க பக்கத்துக்காரர். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதி ஆச்சு. பசுமைப் புரட்சி அங்கேதான் வேகம் எடுத்தது. எர்லிக் புத்தகம் அச்சாகும்போது அந்த விதையின் விளைச்சல் களத்துமேட்டுக்கு வந்துவிட்டது.

இதோட நிறுத்திக்கிட்டா வெற்றிப் பாட்டு. நிறைய பேர் இங்கேதான் நிறுத்தறாங்க. 1980-ல் ஜூலியன் சைமன் என்கிற பொருளாதாரக்காரர் எர்லிக்கிடம் பந்தயம் கட்டினார்: தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், இந்த ஐந்தும் பத்து வருசத்தில் விலை ஏறுமா இறங்குமா? 1990-ல் எர்லிக் தோற்று, 576 டாலருக்குச் செக் அனுப்பினார். சைமன் ரசிகர்கள் இன்னமும் இதைத் தூக்கிக்கிட்டு ஆடறாங்க. எனக்கு அந்தப் பந்தயமே கோணல் என்று படுது. நிக்கலுக்குச் சந்தை விலை இருக்கு, பத்தாக்குறை வந்தா விலை ஏறி எச்சரிக்கும். 900 அடிக்குக் கீழே இருக்கற தண்ணிக்கு என்ன விலை? எங்க ஊர்ல பம்புசெட்டுக்குக் கரண்டும் 1990-லிருந்து இலவசம். அதாவது தண்ணி தீரும்போது மணி அடிக்க வேண்டிய இடத்தில் மணியே இல்லை. (இதை எங்க ஆளுங்க முன்னாடி சொன்னா அடி விழும். இலவச மின்சாரத்தை நிறுத்தணும்னு நான் சொல்லலை, விவசாயிக்கு வேற எதுவும் இலவசமாக் கிடைக்கலைன்னு தெரியும். ஆனா மோட்டாருக்கு மீட்டர் இல்லாத ஊரில் நிலத்தடி நீர்க் கணக்கு யாரிடமும் இல்லை என்பதும் உண்மைதானே.)

இப்போ நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பிருந்தா சொல்லுங்க.

2011 கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்ட மக்கள் தொகை ஏறத்தாழ 22.5 லட்சம். நகரத்துக்கென அரசு வைத்திருக்கிற அளவான தலைக்கு நாளுக்கு 135 லிட்டரை, கிராமத்தாளுக்கும் சேர்த்துக் கொடுத்தா, மாவட்டம் முழுக்கக் குடிச்சு, குளிச்சு, துவைச்சு, பாத்திரம் கழுவ வருசத்துக்குச் சுமார் 4 டி.எம்.சி. வருது. பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. எட்டில் ஒரு பங்கு! வீட்டுக்குள்ள புழங்கற தண்ணியை மட்டும் பார்த்தா, சனம் இரண்டு மடங்கானாலும் அணை தாங்கும்.

அடுத்தது வயல். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணி என்பது வழக்கமான கணக்கு. அதாவது 48 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு ஆளின் வருசப் புழக்கம் 49,000 லிட்டர் சொச்சம். ஒரு ஏக்கர் நெல் நூறு பேரின் வருசத் தண்ணியைக் குடிக்குது.

இங்கே நான் துள்ளிக் குதிச்சு "பார்த்தீங்களா, ஆள் இல்ல, பயிர்தான்" என்று சொல்லியிருப்பேன். ஆனா அந்த நெல்லைத் தின்பது யார்? ஏக்கருக்கு இரண்டரை டன் நெல், அரைச்சா ஒண்ணரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் அரிசி. ஆளுக்கு வருசம் 100 கிலோ என்றால் 16 பேர் சாப்பாடு. 48 லட்சத்தை 16-ஆல் வகுத்தா ஒருத்தருக்கு 3 லட்சம் லிட்டர், வீட்டில் புழங்கறதைப்போல ஆறு மடங்கு, சோத்துத் தட்டு வழியாப் போகுது. ஆக எர்லிக் பக்கம் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. தலை எண்ணிக்கை கணக்கில் உண்டு. ஆனா அது நேராக் குழாயில் வர்றதில்லை. என்ன தின்கிறோம், எதை விளைவிக்கிறோம், எந்த ஊர் தண்ணியில் விளைவிக்கிறோம் என்கிற வழியாகத்தான் வருது. 1970களின் தொடக்கத்தில் எர்லிக்கும் ஹோல்ட்ரனும் சேர்ந்து ஒரு வாய்பாடு வெச்சாங்க: பாதிப்பு என்பது மக்கள் தொகை, நுகர்வு, தொழில்நுட்பம் மூன்றின் பெருக்கல். வாய்பாட்டில் தப்பில்லை. ஆனா அதைப் படிச்ச உலகம் முதல் எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிச்சு. மற்ற இரண்டும் தன் வீட்டு விசயம் என்பதால் இருக்கலாம்.

அந்த மற்ற இரண்டும் என்ன செய்யும் என்பதற்குக் கொங்கு நாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்நாட்டிலேயே பிள்ளைப்பேறு முதலில் சரிந்த பகுதிகளில் ஒண்ணு எங்க கோவை, ஈரோடு பக்கம். 1980களிலேயே இரண்டோட நிறுத்தறது சகஜம், அப்புறம் "ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு". தோட்டம் துண்டாகக் கூடாது, சீர்வரிசை கட்டுப்படியாகாது, பையனைப் படிக்க வைக்கணும். யாரும் உலக வளத்தை நினைச்சு நிறுத்தலை. இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கு. குடும்பம் சின்னதாகணும், அதில் ஆண் இருக்கணும் என்ற இரண்டு ஆசையும் ஒண்ணு சேர்ந்த இடத்தில் பெண் குழந்தைங்கதான் காணாமப் போச்சு. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது சும்மா இல்லை.

சரி, பிறப்பு குறைஞ்ச அதே இருபது வருசத்தில் நொய்யல் என்னாச்சு?

திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஏறின வேகத்தில் சாயப்பட்டறைத் தண்ணி ஆற்றில் இறங்கிச்சு. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாச்சு. எந்த விவசாயிங்களுக்காகக் கட்டினாங்களோ, அவங்களே "திறக்காதீங்க"ன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. தேங்காய்த் தண்ணி கரிச்சுது, கெணத்துத் தண்ணியில் பருப்பு வேகலை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாம சுத்திகரிக்கிற ஏற்பாடு அதுக்குப் பிறகுதான் கறாரா வந்தது. அந்தச் சட்டைங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க போட்டதா? பெரும்பங்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் போட்டது. நொய்யலைக் கொன்னது கொங்கு நாட்டுத் தொட்டில் இல்லை. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் திருப்பூர் மாவட்டச் சனம் 29 சதவீதம் கூடினது, ஈரோடு 12 சதவீதம்தான். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு பிறந்த பிள்ளைங்க இல்லை, பிழைப்பு தேடி வந்தவங்க. தையல் மெசினைத் தேடி சனம் வந்துச்சே தவிர, சனம் பெருத்ததால மெசின் வரலை.

கோபிக்குத் திரும்பி வர்றேன். கொடிவேரியிலிருந்து பிரியற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குக் கீழே சுமார் 24,500 ஏக்கர். பச்சைப் பசேல்னு சினிமாக்காரங்க படம் பிடிக்கிற கோபி அதுதான். அதற்கு மேலே, பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடற கீழ்பவானி வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர். பாதி நிலத்துக்கு ஒரு போகம் நெல்லுக்கு, மீதிப் பாதிக்கு அடுத்த போகம் கடலை, எள்ளுக்கு, அடுத்த வருசம் மாத்தி. தண்ணி எல்லாருக்கும் பத்தாது என்று ஒத்துக்கிட்டுப் போட்ட முறை இது. எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. வாய்க்காலுக்கும் மேலே மேட்டாங்காடு, எங்க பெரியப்பா தோட்டம் மாதிரி. அதுக்கு வாய்க்கால் தண்ணி நேரா வராது, கசிவுதான் ஊற்று.

இப்போ அந்தக் கசிவும் சண்டையில் இருக்கு. சுமார் 710 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைச்சுக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தப்போ விவசாயிங்க இரண்டாப் பிரிஞ்சாங்க. கடைமடைக்காரங்க, "தண்ணி எங்க வரை வந்து சேர்றதில்லை, போடுங்க" என்றாங்க. வாய்க்கால் ஓரத்துக்காரங்க, "கசிவு நின்னா எங்க கெணறு செத்துரும், மரமெல்லாம் போயிரும்" என்றாங்க. உண்ணாவிரதம், வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்துச்சு. இரண்டு தரப்பும் சொன்னது நிஜம். மக்கள் தொகை நிபுணரைக் கூட்டிவந்து இந்தச் சண்டைக்கு நடுவில் உட்கார வெச்சா அவர் என்ன சொல்லுவார்? யாரிடமும் பிள்ளை அதிகம் இல்லையே.

பயத்தில் எழுதின புத்தகத்தால் கெட்டது ஒண்ணு நடந்திருக்கு, அதைச் சொல்லாம விடக்கூடாது. சனத்தொகைதான் எதிரி என்ற பேச்சு உலகம் முழுக்க ஓடிட்டிருந்த காலத்தில்தான் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஒரே வருசத்தில் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை. எத்தனை பேர் மனசு ஒப்பிப் போனாங்க? அத்தனைக்கும் எர்லிக்கைக் குற்றம் சொல்ல முடியாது, அரசுத் திட்டம் 1952-லிருந்தே உண்டு. ஆனா ஆளைத் தலையா எண்ணத் தொடங்கினா அடுத்தது எங்கே போகும் என்பதற்கு அது சாட்சி.

இதற்கு எதிர்த்திசையில் ஈரோட்டிலிருந்து ஒரு குரல் முப்பது நாற்பது வருசம் முன்னாடியே வந்திருக்கு. கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதினதைப் படிச்சா, மற்றவங்க நாட்டு வறுமை, தாயின் உடம்பு, சொத்து என்று காரணம் சொல்றாங்க, நாங்க சொல்றது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரிச்சுக் காட்டறார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரை இருக்கு. எர்லிக் புத்தகத்தில் பெண்கள் எண்ணிக்கையின் ஊற்றா வர்றாங்க. பெரியாரிடம் முடிவெடுக்கிற ஆளா வர்றாங்க.

இப்போ காற்று திரும்பிருச்சு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. 2024, 2025-ல் ஆந்திர முதல்வரும், தொகுதி மறுவரையறையில் எம்.பி. சீட்டு குறையும் என்கிற கவலையில் நம்ம முதல்வரும் பிள்ளை பெத்துக்கச் சொல்லிப் பேசினாங்க. ஐம்பது வருசம் "நாம் இருவர் நமக்கு இருவர்"னு சுவத்தில் எழுதின அரசுங்க. அன்னைக்கு வயிற்றைப் பார்த்துச் சோத்தைக் கணக்குப் போட்டாங்க, இன்னைக்கு வயிற்றைப் பார்த்துச் சீட்டைக் கணக்குப் போடறாங்க. சீட்டுக் கவலை நியாயமானது, சொன்னதைக் கேட்டுக் குறைச்ச மாநிலத்துக்குத் தண்டனையான்னு கேட்கத்தான் வேணும். அதற்குத் தீர்வைக் கல்யாண மேடையில் தேடறதுதான் எனக்குப் பிடிபடலை.

நேத்து சாயங்காலம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன், ஒரு ஏக்கர் நூறு பேர் என்கிற வரைக்கும். பொறுமையாக் கேட்டார். "அப்ப நெல்லு வேண்டாங்கறியா?" என்றார். உங்களுக்கு நெல்லே இல்லையே பெரியப்பா, தென்னையும் வாழையும்தானே என்றேன். வாழை வெச்சது மூணு வருசம் முன்னாடி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெச்சார்னு. அவர் எத்தனை அடி போட்டிருக்கார்னு கேட்டேன். 1,100 என்றார்.

நாலாவது போருக்கு நீரோட்டம் பார்க்க ஆள் வர்றாராம், வெள்ளிக்கிழமை.