கரிபியக் குரல்கள்: ஒரு வானொலி நிகழ்ச்சியும் திருச்சபையின் செவியும்

நூல்களையும் வட்டார எழுத்தாளரையும் பற்றிய வானொலி நிகழ்ச்சிகளைச் செய்திக்கும் இசைக்கும் இடையே வரும் நிரப்பாகவே நம்மில் பலர் கருதுகிறோம். அவ்வாறு கருதுவோர் மேற்கிந்தியத் தீவுகளின் இலக்கிய வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம். அங்கே 1940களில் நூல் வெளியிடுவோர் அரியர். பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1948இல்தான். பார்படோசின் ‘பிம்’ போன்ற சிற்றிதழ்கள் இருந்தன எனினும், ஒரு தீவில் எழுதுபவரை அடுத்த தீவு அறியாது. இந்நிலையில் 1943 மார்ச்சு முதல் 1958 வரை, ஞாயிறுதோறும் லண்டன் பி.பி.சி. நிலையத்திலிருந்து அத்தீவுகளை நோக்கி ஒலித்த ‘கரிபியன் வாய்சஸ்’ என்னும் நிகழ்ச்சியே சிதறிக்கிடந்த எழுத்தாளரை ஒருவரையொருவர் கேட்கச் செய்தது.

இதனைத் தொடங்கியவர் யூனா மார்சன் (1905–1965). ஜமைக்காவில் பாப்திஸ்து சபைப் போதகர் ஒருவரின் மகள். கவிஞர், நாடக ஆசிரியை. போர்க்காலத்தில் பி.பி.சி.யில் பணியேற்ற இவர், இங்கிலாந்திலிருந்த மேற்கிந்தியப் படைவீரர் தம் இல்லத்தாருக்கு அனுப்பிய செய்திகளை ஒலிபரப்பிய ‘காலிங் தி வெஸ்ட் இண்டீஸ்’ நிகழ்ச்சியை நடத்தி வந்தார். மகனின் பெயர் வருமோ என்று காத்திருந்த செவிகளுக்கே கவிதையையும் சிறுகதையையும் வழங்க அவர் துணிந்தார். இந்தியாவுக்கான ஒலிபரப்பில் 1942இல் ஜார்ஜ் ஆர்வெல் நடத்திய ‘வாய்ஸ்’ என்னும் இலக்கிய நிகழ்ச்சியிலும் அவருக்குப் பங்கிருந்தது. அந்நிகழ்ச்சியின் புகைப்படம் ஒன்றில் டி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன் நம் ஈழத்துத் தம்பிமுத்துவும் மார்சனும் ஒரே மேசையைச் சூழ்ந்திருக்கக் காண்கிறோம். மார்சனின் முயற்சிக்கு அது ஒரு முன்மாதிரியாய் இருந்ததென்று கருத இடமுண்டு.

மார்சன் உடல்நலங்குன்றித் தாயகம் திரும்பியபின், 1946 முதல் 1954 வரை பொறுப்பேற்றவர் ஹென்றி சுவான்சி. இவர் அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் ஒருவரின் மகன். போதகர் மனைகளில் வளர்ந்த இருவர் கையில் இந்நிகழ்ச்சி உருப்பெற்றது தற்செயலே ஆகலாம். எனினும் திருவசனம் நாள்தோறும் உரக்க வாசிக்கப்படும் வீட்டில் வளர்வோர்க்கு, எழுத்து என்பது செவிக்குரியது என்னும் உணர்வு எளிதில் வாய்க்கும். ஆங்கிலக் கவிஞரைப் பார்த்தெழுதுவதை விடுத்து உம் தெருவை எழுதுக என்பதே சுவான்சி வற்புறுத்தியது. ஆறு திங்களுக்கொருமுறை வந்த படைப்புகளை எடைபோட்டு, குறைகளைத் தயங்காமல் ஒலிபரப்பிலேயே கூறினார். எழுதியோர்க்கு ஊதியமும் கிடைத்தது. வறிய எழுத்தாளர்க்கு இது சிறு செய்தியன்று.

ஜார்ஜ் லாமிங், சிறுபான்மை மெதடிஸ்துக் குடும்பத்தில் பிறந்த டெரக் வால்காட், 1954 முதல் 1956 வரை நிகழ்ச்சியின் ஆசிரியராயிருந்த வி. எஸ். நைபால் ஆகியோரைச் சுட்டி, பின்னவர் இருவரும் 1992இலும் 2001இலும் நோபல் பரிசு பெற்றதைச் சொல்லி நிகழ்ச்சியைப் புகழ்வது வழக்கம். எனக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. இதில் படைப்பு வழங்கியோர் 372 பேர். அவருள் பெண்கள் 71 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பரிசு எதையும் பெறாதவர்கள். வானொலியில் தம் சொல் ஒலிக்கக் கேட்டது அவர்களுக்கு என்ன செய்தது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேட, நன்கறியப்பட்ட ஒருவரையே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிரினிடாடின் சாம் செல்வான் (1923–1994) நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். தந்தையார் சென்னையிலிருந்து குடிபெயர்ந்த கிறிஸ்தவர். குடும்பப் பெயரில் ‘செல்வன்’ ஒலிப்பது நம் செவிக்குத் தப்பாது. பயின்றது கனடா பிரெஸ்பிட்டீரியன் மிஷன் நிறுவிய நாப்பரிமா கல்லூரியில். தீவில் இருந்தபோதே இந்நிகழ்ச்சிக்கு எழுதியவர், 1950இல் லாமிங் சென்ற அதே கப்பலில் லண்டன் சேர்ந்தார். அங்கே குடியேறிய தம்மவரைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கியபோது, கற்ற ஆங்கிலத்தில் அது நகரவில்லை. பாத்திரங்களின் உரையாடலை மட்டுமன்றிக் கதைசொல்பவனின் மொழியையே டிரினிடாட் பேச்சாக மாற்றியபின் எழுத்து ஓடிற்று. அதுவே 1956இல் வெளிவந்த ‘தி லோன்லி லண்டனர்ஸ்’. வானொலியே இதற்குக் காரணம் எனல் மிகை. ஆயினும் தம் படைப்பு உரக்க வாசிக்கப்படக் கேட்டுப் பழகியவருக்கே இத்துணிவு வந்தது என்பேன்.

குறைகளையும் கூறவேண்டும். படைப்புகள் தீவுகளிலிருந்து ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலிருந்த முகவர் கிளாடிஸ் லிண்டோ வழியாக லண்டன் சென்று, அங்கே தெரிந்தெடுக்கப்பட்டு, சிற்றலையில் மீண்டன. வெட்டிய கரும்பு கடல் கடந்து சென்று, சுத்திகரித்த சர்க்கரையாய் விலையோடு திரும்புவதற்கு லாமிங் இதனை ஒப்பிட்டார். ஒப்புமை கடுமையானது; பிழையானதன்று. தீவின் பேச்சு கதைக்குள் இடம்பெற்றது. கதையை எடைபோட்ட குரலோ அயலாருடையது. அன்றியும், அக்காலத்தில் வானொலிப் பெட்டி உடையோர் சிலரே. கதையில் வரும் கரும்புத் தொழிலாளி தன் கதையைக் கேட்டிருப்பானா என்பது ஐயமே.

பார்படோசுக் கவிஞர் கமாவு பிராத்வெயிட் இக்குறைகளை அறிந்தும் நிகழ்ச்சியின் பங்கை உயர்த்தியே பேசினார். கிரிக்கெட் வருணனையாளர் ஜான் ஆர்லட்டின் குரலுக்கும் அவர் கடன் ஒப்புக்கொண்டது சுவையான செய்தி. ஹாம்ஷயர் நாட்டுப்புற ஒலியோடு ஆர்லட் வானொலியில் பேசியதைக் கேட்ட தீவினர், இங்கிலாந்துக்காரனே தன் ஊர்ப்பேச்சில் பேசலாமெனில் நாம் ஏன் கூடாது என்று எண்ணினர். கொச்சை எனப்பட்டதைத் ‘தேசமொழி’ என்று பிராத்வெயிட் பெயரிட்டழைத்தது இவ்வுணர்வின் முதிர்ச்சியே.

திருச்சபையோ மெல்லவே செவிசாய்த்தது. ஜமைக்காவில் ஆங்கிலம் பீடத்துக்கும், கிரியோல் சந்தைக்கும் அடுக்களைக்கும் என்னும் பாகுபாடு வேரூன்றியிருந்தது. கிரியோலிலேயே எழுதிய லூயிஸ் பென்னட்டை மக்கள் அரங்கில் கொண்டாடினர். கவிஞரென ஏற்கக் கற்றோர் நெடுங்காலம் தயங்கினர். மேற்கிந்திய வேதாகமச் சங்கம் அம்மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது 2012இல். அதாவது, வானொலி நிகழ்ச்சி நின்று 54 ஆண்டுகளுக்குப் பின். அப்போதும் சபைக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. தூய வசனம் மலிவுபடும் என்றனர்.

இவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. ஊர்ப்பேச்சை நகைப்புக்கு மட்டும் அனுமதிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அது அடியோடு மறுப்பதினும் கொடிது. வேலைக்காரனையும் கிழவியையும் பற்றிய துணுக்கு வரும்போது மட்டும் ஊர்ப்பேச்சுக்கு இறங்கி, கிருபை என்றவுடன் ஏட்டுமொழிக்கு ஏறிவிடும் மறையுரையாளரை நாம் அறிவோம். நானும் அவர்களுள் ஒருவன். செல்வான் செய்தது இதற்கு நேர்மாறு: துயரத்தையும் தனிமையையும் சொல்லும் இடத்திலும் அவர் அப்பேச்சைக் கைவிடவில்லை. ஜமைக்காவின் புதிய ஏற்பாடு அச்சோடு நில்லாமல் ஒலிப்பதிவாகவும் வந்ததை அதன் மிகச்சிறந்த கூறென நான் மதிப்பதும் இதனாற்றான். எழுத்தில் விந்தையாய்த் தோன்றும் சொல், வாய்வழி வரும்போது வீட்டுச் சொல்லாகிவிடுகிறது.

‘கரிபியன் வாய்சஸ்’ நிகழ்ச்சியின் தட்டச்சுப் பிரதிகள் பி.பி.சி.யின் எழுத்தாவணக் காப்பகத்தில் உள்ளன. ஒலிப்பதிவுகளோ மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆகவே அக்குரல்கள் எப்படி ஒலித்தன என்றறிய விரும்புவோர், அத்தாள்களைக் கையிலேந்தித் தாமே வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.